ஒரு சுற்று முன்பே முடிந்த பந்தயம்

ஃபிண்டன் ஹெஃபர்னன் தடைதாண்டும் குதிரைப் பந்தயங்களில் சவாரி செய்தது மூன்றே குளிர்காலங்கள். பதிவுகளில் அவர் பெயருக்கு நேராக நான்கு வெற்றிகள் உள்ளன; இரட்டைச் சகோதரர் கோனலுக்கோ அதைப்போல் பல மடங்கு. முகத்தைக் கொண்டு இருவரையும் பிரித்தறிய முடியாத சொந்த மாவட்டத்து டிப்பரரிக்காரர்கள், குதிரை வேலியை நெருங்கும்போது பிரித்தறிந்தார்கள். கோனல் விரட்டுவார்; ஃபிண்டனின் கை ஒரு கணம் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும்.

லிமெரிக் பந்தயத்தில் குதிரை அவர்மேல் உருண்டு போன நாளிலிருந்து வேலியைக் கண்டால் பயம். தோள் எலும்பு சேர்ந்துவிட்டது, பயம் போகவில்லை. ஜாக்கிகளின் அறையில் முறிந்த எலும்புகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். பயத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. சவாரியை விட்டுவிட அவர் ஏங்கினார். ஆனால் பிறந்த நாள் முதல் உடனிருந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரித் தூறலில், தர்லஸ் மைதானத்தில், இருவரும் ஒரே பந்தயத்தில் சவாரி செய்தார்கள். ஃபிண்டனின் குதிரை முன்னணியில் இருந்தது. முடிவுக் கம்பம் தெரிந்ததும் அவர் குனிந்து, சாட்டையை வீசி, கம்பத்தைக் கடந்தார். பிறகு நிமிர்ந்து குதிரையை நிறுத்தினார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்போதுதான் கோனல் பக்கத்தில் பாய்ந்து கடந்தார்.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்குடா, மடையா!"

கூட்டம் ஊளையிட்டது. பயிற்சியாளர் டெலாஹன்டி, எண்ணத் தெரியாதவனைத் தன் குதிரைமேல் ஏற்றியதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். நடுவர்கள் ஃபிண்டனுக்குச் சில வாரங்கள் தடை விதித்தார்கள். அதைக் கேட்டதும் அவருக்கு வெட்கத்தைவிட நிம்மதியே மிகுந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

திரும்பும் வழியில், காரில், சொன்னார்: "ரவுண்ட நான் தப்பா எண்ணல, கோனல். முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. அதான் முடிஞ்சிருச்சுன்னே நம்பிட்டேன்."

கோனல் வண்டியை ஓரங்கட்டினார்.

"லிமெரிக்லேர்ந்தா?"

"ஆமா."

"ஒவ்வொரு வேலியிலயும் என் குதிரைய விட்டுட்டு உன்னத்தான்டா பாத்துட்டிருந்தேன். அதுலயே நான் ரெண்டு தடவ விழுந்தாச்சு. நீ எப்படா சவாரிய விடுவன்னு காத்துட்டிருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா, கோழைங்கிறியான்னு நீ மூக்குலயே குத்தியிருப்ப."

குத்தியிருப்பேன் என்று ஃபிண்டன் ஒப்புக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்தும் அவர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பின்னாளில் குதிரைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டினார். பந்தயம் நடந்த அன்று மாலையோ, சாலையோரக் கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, இத்தனை காலம் எடைக்குப் பயந்து தொடாத வெண்ணெய் ரொட்டியையும் சேர்த்து, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். மறுநாள் சவாரி இருந்ததால் கோனல் பாலில்லாத தேநீரை மட்டும் குடித்தபடி, அவரைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.