தொண்ணூறு சைஸ் மெஷின்

காலை ஏழு இருபது. பனியன் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது, நான் வழக்கமாக சைக்கிள் நிறுத்தும் வேப்பமரத்தடியில் நின்ற வேறொரு சைக்கிள். பச்சை நிறம். அதன் செயின் கவர் பளபளத்தது. என்னுடையதற்குச் செயின் கவரே கிடையாது.

சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த செக்கிங் அம்மா சிரித்தார். "என்னங்க சூப்பர்வைசர், நிறுத்தறதுக்கே எடமில்லாமப் பண்ணீட்டாங்களா?"

அறுபதுகளின் கடைசி. கல்கத்தா வியாபாரி பூஜை விற்பனைக்குக் கேட்ட அறுபது பெட்டி பனியன் என் பொறுப்பில் இருந்தது. அதை நல்லபடியாக அனுப்பினால், முதலாளி கட்டிக்கொண்டிருந்த புது ஷெட்டுக்கு நான்தான் மேனேஜர் என்று பேச்சு. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு பெட்டிகூட மூடப்படவில்லை.

வட்ட மெஷினில் துணி குழாய் போல இறங்கும். மெஷினின் சுற்றளவுதான் பனியனின் அளவு. ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு சைஸ் இருக்க வேண்டும். தொண்ணூறு சைஸ் மெஷின் எங்களிடம் ஒன்றே ஒன்று. ஊசிகள் ஒடிந்து மூன்று வாரமாக நின்றிருந்தது. அந்த ஊசி கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. கோயம்புத்தூரில் இருந்த மச்சானிடம் சொல்லியிருந்தேன். அதுவரை மற்ற மூன்று சைஸையும் ஓட்டி, எத்தனை டஜன் என்று தினமும் கரும்பலகையில் எழுதினேன். எண் ஏறிக்கொண்டே போனது. முதலாளிக்கும் அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. எத்தனை பெட்டி ரயிலேறியது என்று கேட்டு வியாபாரியின் தந்தி வரும்வரை.

பச்சை சைக்கிள்காரர் பக்கத்து மண்ணரையில் ஒரு கம்பெனியில் இருந்தவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். "இந்த ஆர்டர் முடியறவரைக்கும் இவரு பாத்துக்கட்டும். நீங்க கூட இருந்து சொல்லுங்க" என்றார் முதலாளி.

வந்தவர் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். 'மூடின பெட்டி' என்று எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போட்டார்.

"ஏனுங்ண்ணா, தொண்ணூறுக்கு ஊசி எங்கயாச்சும் சொல்லி வெச்சிருக்கறீங்களா?"

"சொல்லியிருக்கேன். வந்தாப் பாக்கலாம்."

அது உண்மை. மறுநாள் மதியம் கோயம்புத்தூர் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அதை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். எடுத்துக் கொடுத்தால் மெஷின் ஓடும், பெட்டி மூடும், அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எண் ஏறும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

தையல் பெண்கள் என்னை 'சார்' என்பார்கள். அவரை இரண்டாம் நாளே 'அண்ணா' என்றார்கள். டீ முதலில் அவருக்கு வந்தது. பஞ்சு பறக்கிற கூடத்தில் நாள் முழுக்க நின்றும் அவர் சட்டை வெள்ளையாக இருந்தது. ஒன்றையும் நான் கவனிக்கத் தவறவில்லை.

"ஊசி வந்துச்சுங்ளாண்ணா?" என்று இரண்டு நாள் கேட்டார். இரண்டு நாளும் "இல்லீங்க" என்றேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. எங்கள் நூலை மாட்டுவண்டியில் ஏற்றி மண்ணரைக்குக் கொண்டுபோனார். பழைய கம்பெனியில் பேசி, அவர்களுடைய தொண்ணூறு மெஷினில் கூலிக்கு ஓட்டினார். துணி வந்தது, வெளுப்புக்குப் போய்த் திரும்பியது. பலகையில் நான்கு என்று எழுதினார். பிறகு பதினேழு. பிறகு முப்பத்தெட்டு. பதினோராம் நாள், சனிக்கிழமை, அறுபது.

பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது அவர் முதலாளியிடம் சொன்னார்: "அண்ணன் மத்த மூணு சைஸையும் முன்னாடியே முடிச்சு வெச்சிருந்தாருங்க. இல்லீன்னா நம்மளால ஆயிருக்காதுங்க."

அதுவும் உண்மைதான். அவர் என்னைப் பற்றி ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலாளி அவர் தோளைத் தட்டினார். அப்புறம் என் தோளை. அன்று மாலையே புது ஷெட்டின் சாவி அவரிடம் போனது.

திங்கட்கிழமை காலை பொட்டலத்தைப் பிரித்து, ஊசிகளை நானே மாற்றினேன். பத்தே காலுக்குத் தொண்ணூறு சைஸ் மெஷின் ஓடத் தொடங்கியது.