ரீச்சரின் கவிதையில் நான் அடைத்த இடம்

1. எட்டுப் பக்க மிச்சம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிப்பதில் ஆனையிறவுக்குத் தெற்கே என்னை வெல்ல ஆளில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் யாருடைய உதவியும் இல்லாமல் சொந்த அச்சகம் போட்டேன்.

ஒரு பள்ளிக்கூட ரீச்சர் தன் முதல் புத்தகத்தை என்னிடம் அச்சுக்குக் கொடுத்தார். இந்தியாவின் புதிய கவிதைகள் வறுமையையும் ஆணாதிக்கத்தையும் பண்பாட்டுச் சீரழிவையும் எப்படிக் காட்டுகின்றன என்ற ஆராய்ச்சி. நடுநடுவே மொழிபெயர்த்த கவிதைகள். "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்று பாடசாலை அதிபர் சிரித்தாராம். அவரையே வெளியீட்டுக்குத் தலைமை தாங்கக் கேட்டுவிட்டார் ரீச்சர். வெளியீட்டுக்கு ஏழு நாள்தான் இருந்தது.

பிழை திருத்தப் புறூவ் பார்க்க வந்த ரீச்சர் கதிரையில் இருந்தபடியே வெளிறிப்போனார்.

"அண்ணை, கவிதையெல்லாம் எங்கை?"

"எல்லாம் கிடக்கு ரீச்சர். ஒரு வரியில மூண்டு சொல்லு, மிச்சம் முழுக்க வெள்ளை. கோயில் நோட்டீசிலகூட நான் அப்பிடி இடம் விடுறேல்லை. இழுத்து நிரப்பி எட்டுப் பக்கம் மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கிறன்!"

அவர் ஒரு பக்கத்தைத் தொட்டார். "இதில புருசன் சாப்பிடுறான். பிள்ளையள் சாப்பிடுதுகள். பிறகு ஒரு வரி வெறுமையாக் கிடந்தது. அதிலதான் அந்தத் தாய் நிக்கிறா. அவாவையும் அடைச்சுப்போட்டியள்."

"வெறும் கடதாசியில ஆள் நிக்குமோ?" என்று சிரித்தேன்.

"உங்கட வீட்டில மனிசி எத்தினை மணிக்குச் சாப்பிடுறவா?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"அதுதான் அண்ணை அந்த வரி."

2. பானை

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். வழமைபோல என் மனைவி பூரணம் சோறு போட்டாள். இரண்டாம் முறை போட வந்தபோது, எழும்பிக் குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்தேன். அடிப்பிடித்த சோறு மட்டும் கிடந்தது.

"நீ என்னத்தைச் சாப்பிடுவாய்?"

"இதென்னப்பா புதுக் கேள்வி? சுரண்டினால் எனக்குக் காணும். நீங்கள் அச்சு மெஷின் வாங்கின காலத்தில இதுவும் இல்லை."

என் சாப்பாட்டுக் கோப்பைச் சோற்றில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன். கட்டிய பக்கங்களை அவிழ்த்து, மூன்றே நாளில் திரும்பக் கோத்தேன். வேறு ஆளென்றால் பத்து நாள் எடுக்கும். அந்தத் தாயின் வரிக்கு எழுத்தில்லாத வெற்று ஈயக் கட்டைகளை என் கையாலேயே வைத்தேன்.

வெளியீட்டில் அதிபர் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். வெற்று வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். ரீச்சர் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, வெள்ளையைக் கண்டால் அடைப்பதற்கு முதல் எழுதியவரைக் கேளுங்கள். இதைக் காட்டித் தந்த ரீச்சருக்கு இன்றும் நான் நன்றியுள்ளவன்.

மேலே, யாருடைய உதவியும் இல்லாமல் அச்சகம் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது பழைய வாய்ப் பழக்கம். பூரணம் வெறும் பானையோடு பட்டினி கிடந்ததால் போட்டேன்.