மூன்றாம் மாடி பிரிட்ஜ்

மாண்ட்ரீலில் மரியெல் குடியிருக்காத தெரு பாக்கியில்லை. பூனை குட்டியைத் தூக்குவதுபோல வருஷா வருஷம் தன் பழைய பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பிரெஞ்சுக்காரர்கள் முதன்முதலில் வந்திறங்கிய கப்பலில் வந்ததாம் அது. அத்தனை கனம்.

பஸ் ஓட்டிப் பிழைத்தாலும் அவளுக்குச் சினிமாப் பித்து. ஐம்பது வயதில் ஒரு வாசல் திறந்தது. ஆங்கிலம் பேசும் டொராண்டோ போலீஸ்காரனும் பிரெஞ்சு பேசும் மாண்ட்ரீல் போலீஸ்காரனும் சேர்ந்து ஒரு திருடனைத் துரத்தும் இருமொழிப் படம். திருடனைத் துரத்துவதைவிட ஒருவரையொருவர் திட்டுவதில்தான் இருவருக்கும் மும்முரம். துரத்தல் காட்சிக்கு மரியெல் குடியிருந்த தெருவைத் தயார்செய்வது அவள் வேலை.

டொராண்டோ இயக்குநர் விட்டேக்கர் ஜூலை ஒன்றைக் குறித்தார். நாட்டின் பிறந்தநாள், எல்லாரும் விழா பார்க்கப் போய்விடுவார்கள், தெருவில் ஈ காக்கை இருக்காது என்று அவர் நினைப்பு. மாண்ட்ரீலிலோ, வாடகைக் கெடு முடிந்து ஊரே வீடு மாறும் நாள் அது. அந்த அமளிக்காகவே தேர்ந்தெடுத்திருக்கிறார், என்ன மூளை என்று மரியெல் வியந்துபோனாள்.

அன்று தெருவில் மெத்தை, சோபா, குளியல் தொட்டி. ஒரு லாரியின் உச்சியில் ஆடும் நாற்காலியில் ஓர் அத்தை, பின்னல் வேலையோடு.

"என்னம்மா இது? நாடே கொண்டாடுற நாளாச்சே, தெரு காலியா கெடக்கும்னுல்ல வந்தேன்" என்றார் விட்டேக்கர்.

"நீங்க கொண்டாடுவீங்க சார். நாங்க வீடு மாத்துவோம்."

படப்பிடிப்பு ரத்து, நாளை முதல் அவளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போயிற்று. ஆனாலும் சாயங்காலத்துக்குள் மரியெலும் தன் வீட்டைக் காலி செய்தாக வேண்டுமே. போலீஸ் வேஷத்தோடு வெட்டியாய் நின்ற இரண்டு நடிகர்களையும் கூப்பிட்டாள்.

"சும்மாதானே நிக்கிறீங்க தம்பிங்களா, ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

மூன்றாம் மாடி வீட்டுக்கு வெளியே வளைந்திறங்கும் இரும்புப் படியில், பாதி வழியில் பிரிட்ஜ் சிக்கிக்கொண்டது. மேலே இருந்தவன் ஆங்கிலத்தில் இடதுபக்கம் திருப்பச் சொன்னான். எதிர்முகமாக நின்ற கீழ்க்காரனின் இடது வேறுபக்கம் போயிற்று. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் வசவு: ஒருவன் மற்றவனின் ஹாக்கி அணியை வம்புக்கு இழுத்தான், மற்றவன் இவன் ஊர்ச் சாப்பாட்டை. சுமந்துவந்த சோபாக்களை இறக்கிப்போட்டு, அவற்றிலேயே உட்கார்ந்து தெரு சிரித்தது. விட்டேக்கர் சத்தமில்லாமல், படமெடுக்கச் சொல்லிக் கேமராக்காரருக்குக் கை காட்டினார். அது முடிந்ததும் மரியெலிடம் வந்து, மறுநாள் காலையில் நேரத்தோடு வேலைக்கு வரச் சொன்னார்.

படம் ஓடியது. டொராண்டோவில் எங்கள் படம் என்றார்கள். மாண்ட்ரீலிலும் அதையே சொன்னார்கள். நீ யார் பக்கம் என்று மரியெலைக் கேட்டதற்கு, "படம் யாரோடதா வேணா இருக்கட்டும். பிரிட்ஜ் என்னோடது" என்றாள்.

அடுத்த ஜூலை ஒன்றில் கதவு தட்டும் சத்தம். கையுறை மாட்டிக்கொண்டு படத்துப் போலீஸ்காரர்கள் இருவரும் நின்றார்கள். பிரிட்ஜின் மேல்பக்கம் யார் பிடிப்பது என்று அப்போதே சண்டை.