விலாக்கட்டை

ரத்தினவேல் கட்டையின் ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார். ஒரு சாண் நீளக் கட்டை. குமிழிகள் வந்தன. துடைத்துவிட்டு மறுபடி ஊதினார். மறுபடியும் வந்தன.

சாந்தகுமாரி குளியலறைக் கதவைத் தட்டினாள். "என்னங்க, உள்ள நாதஸ்வரமா வாசிக்கிறீங்க? ஜல்தி வாங்க. காபி ஆறுது."

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக மரத்தின் தரம் பார்ப்பவர் அவர். அவருடைய சுத்தியலின் முகத்தில் பதினேழு என்ற எண் இருக்கும். அதை அடித்துப் பதித்தால்தான் மரம் தேறியதாகக் கணக்கு. ஓக் மரத்தில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு. வெள்ளை ஓக்கின் துளைகள் உள்ளேயே அடைபட்டிருக்கும். தண்ணீர் இறங்காது. படகுக்கும் வெயில் மழையில் நிற்கும் வேலைக்கும் அதுதான். சிவப்பு ஓக் வீட்டுக்குள் நாற்காலியாக இருக்கலாம். ஊதினால் மூச்சு மறுபக்கம் போய்விடும்.

எழுபத்தெட்டில் யமுனை ஊருக்குள் வந்தபோது, மீட்புப் படகுகளின் விலாச் சட்டங்களுக்காக ஒரு லாரி ஓக் வந்தது. நனைந்த மரத்தில் நிறம் தெரியவில்லை. வெடிக்காமலிருக்க முனைகளில் பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஊதிப் பார்க்க விரற்கடை அறுத்தெடுக்க வேண்டும். அறுக்கிறவன் தன் வீட்டுக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். காகிதத்தில் வெள்ளை என்று போட்டிருந்தது. ரத்தினவேல் மதியத்துக்குள் எல்லாவற்றிலும் பதினேழை அடித்து முடித்தார்.

மூன்றாவது மழைக்காலத்தில் அந்தப் படகுகளில் ஒன்று நடு ஆற்றில் பிளந்தது. ஏறியவர்கள் கரை சேர்ந்தார்கள். ஓட்டிய கருப்பசாமி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினான் என்று விசாரணையில் எழுதினார்கள். உடைந்த அந்தப் படகு போன வாரம் அலுவலகத்துக்குக் கழித்துக்கட்ட வந்தது. அழுகிய விலாவில் பதினேழு இருந்தது. அழுகாத இடமாகப் பார்த்து அறுத்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து பஸ்ஸில் பக்கத்து ஆள் பெருமூச்சு விட்டால்கூட, அது ஏதோ மரத்துக்குள் நுழைந்து வெளியே போவதுபோல் இருந்தது.

பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஆராயி, கருப்பசாமியின் மனைவி. மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து இரண்டு மாதமாக வேலைக்கு வருகிறாள்.

"எட்டுப் பேருக்கு மேல ஏத்தவே மாட்டாருக்கா. ஒம்பதாவதா நான் நின்னாக்கூட எறங்குடின்னுவாரு" என்றாள். சாந்தகுமாரி சிரித்தாள். ஆராயியும் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல எம்மவள, ஆள முக்குனவன் மவளுன்னு கூப்புடுறாங்க."

ரத்தினவேல் ஈரக் கட்டையோடு வெளியே வந்தார்.

"அடுப்புக்காங்கய்யா? குடுங்க, காய வைக்கிறேன்."

"வேண்டாம்மா."

கூடத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மரம் தவறு, அறுத்துப் பார்க்காமல் தேர்வு செய்தது நான், ஓட்டியவர்மேல் குற்றமில்லை. சாந்தகுமாரி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"வேலை போயிடும்."

"போகும்."

"குவார்ட்டர்ஸும்."

"அதுவும்தான்."

அவள் போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குப் பிரிவு அதிகாரி வெங்கடராமனிடம் கடிதத்தைக் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, "தேதி போடலியே" என்றார். ரத்தினவேல் தேதி போட்டார். கடிதத்துக்கு எண் கொடுத்து, விசாரணைக் கோப்போடு சேர்க்க மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். நான்கு மணிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு தட்டச்சாகி வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். ஐந்தரைக்கு பஸ் கிடைத்தது. அவர் வீடு சேர்ந்தபோது ஆராயி வேலை முடித்துப் போயிருந்தாள்.