ரசமட்டம் வைத்து வெட்டிய வேலி

ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு டுராண்டா வேலி. ஊதா நிறத்தில் சரம் சரமாகப் பூக்கும், பிறகு மஞ்சள் மணி போலக் காய்க்கும், காயை மட்டும் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் எச்சரித்துச் சாவியைக் கொடுத்தார். மூன்று வருடம் ஆயிற்று. காயும் இல்லை, பூவும் இல்லை. எச்சரிக்கைதான் மிச்சம்.

வெறும் அழகுக்காக என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடும்பமும் வருடத்தில் ஒரு ஞாயிறு பாதிரியார் ஆராதனை நடத்தும் ஆல்டரில் பூ வைக்க வேண்டும். அந்தப் பூ சொந்தக் காம்பவுண்டில் பூத்ததாக இருக்க வேண்டும் என்பது எங்கும் எழுதாத, எல்லோரும் அறிந்த சட்டம். என் பெயருக்கு நேரே விழுந்ததோ, விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகை. கோயில் நிரம்பி வழிகிற நாள்.

முதல் வருடம் குரோட்டன்ஸ் இலையை வைத்து ஒப்பேற்றினேன். இரண்டாம் வருடம் துணிந்து மார்க்கெட்டில் ரோஜா வாங்கினேன். வாங்கியவள் காம்பில் இருந்த வாழைநாரை அவிழ்க்க மறந்துவிட்டேன். மாதர் சங்கத் தலைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “டீச்சர், உங்க வீட்டு ரோஜா ரொம்ப சமத்து. தானே நார் கட்டிக்கிட்டுப் பூக்குதே!” என்றார். மூன்றாம் வருடம் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு இயற்கைப் பாடம் எடுக்கிறவள் நான். என் வேலி பூக்காவிட்டால் சிரிக்க மாட்டார்களா? நாலாம் வருடம் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். காலையிலும் மாலையிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளாயிற்று. பசிக்கிறது போலிருக்கிறது என்று பால்காரனிடம் சாணி எரு வாங்கிப் போட்டேன். இலைக்கு அடியில் வெள்ளை ஈ மொய்த்தது. சவர்க்காரத்தைச் சீவித் தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். ஈ போயிற்று. செடி கொழுகொழுவென்று தழைத்தது. பூ மட்டும் வரவில்லை.

இதில் என் கணவரின் பங்கையும் சொல்ல வேண்டும். அவர் மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவர். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலியின் இரு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டுவார். வெட்டி முடித்ததும் மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். நான் போட்ட எருவில் செடி தழைக்கத் தழைக்க அவருக்கு வெட்ட நிறையக் கிடைத்தது. இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துத்தான் பராமரித்தோம்.

எதிர் பங்களாவில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். வேறு வழியில்லாமல் அவரைக் கேட்டேன்.

“புதுசா விடற கொம்போட நுனியிலதான் டீச்சரம்மா பூ வரும். ஐயா வாராவாரம் அந்த நுனியத்தான் வெட்டிப் போடறாரு.”

“மூணு வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே. சனிக்கிழமை ஆனா ஐயா நூல் கட்டறதப் பாக்க எங்க வூட்டுல எல்லாரும் கேட்டாண்ட வந்துடுவோம்.”

அப்புறம் வைத்தியமும் சொன்னார். குளிர் முடிந்ததும் ஒரு தரம் நன்றாக வெட்டிவிட்டால் போதும், பிறகு கத்தரியே படக்கூடாது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். “சும்மா சும்மா எருவைக் கொட்டாதீங்க. தின்னு தின்னு எலையா போடுது.”

இதை வீட்டில் கணவரிடம் சொன்னேன். “வேலியைப் பரட்டைத் தலையா விடச் சொல்றியா? எங்க ஆபீஸ் எஞ்சினியர் துரை தெனம் இந்த ரோட்டுலதான் போறார்!” என்று குதித்தார். நானும் விடவில்லை. நாலு நாள் ரசத்தில் உப்பே போடவில்லை. ஐந்தாம் நாள் ஒப்பந்தத்துக்கு வந்தார். ரோட்டுப் பக்கமும் மேல்தளமும் அவருக்கு, உள்பக்கம் எனக்கு. பாகப்பிரிவினையைப் படமாகவே போட்டு, நடுவில் சிவப்பு மசியால் எல்லை கிழித்துக் காட்டினார்.

மழை விழுந்தது. உள்பக்கம் கிழக்கு வெயில் நன்றாகப் படுகிற இடம். என் பாகத்துக் கொம்புகள் நீண்டு, வளைந்து, அக்டோபரில் நுனியெல்லாம் ஊதாவாயிற்று. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். அவ்வளவு சந்தோஷம்.

பண்டிகையன்று விடியற்காலையில் வெட்டி, இரண்டு ஜாடி நிறைய வைத்தேன். கீழே பூசணியும் கரும்பும் கேழ்வரகுக் கதிரும், மேலே என் பூ. ஆராதனை முடிந்ததும் தலைவி வந்தார். ஒவ்வொரு காம்பாக நார் தேடினார். கிடைக்கவில்லை.

“அழகாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நேத்துகூட உங்க வீட்டு வழியாத்தான் வந்தேன். வேலி சுவர் மாதிரி மழமழன்னு இருக்கு, ஒத்தப் பூ இல்ல. எந்த பங்களாவுல கேட்டு வாங்கினீங்க?”

சுற்றி நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். “உள்பக்கம்…” என்று ஆரம்பித்தேன். எனக்கே அது திருடியின் பேச்சாகக் கேட்டது. வகுப்பில் நாற்பது பெண்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவள், சரியாக இருந்த ஜாடியை மறுபடி நகர்த்தி வைத்தேன். பக்கத்தில் என் கணவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாயே திறக்கவில்லை. தலைவியைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே கத்தரிச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பென்சில்கூடச் சீவாத மனிதர்! ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம், சரியாகக் கண் உயரத்தில், இரண்டடிக்கு இரண்டடி வேலியைக் குடைந்துகொண்டிருந்தார். முள் கீறிக் கையெல்லாம் ரத்தம்.

“என்னங்க இது?”

“ஜன்னல்.”

“துரை பாத்தா?”

“பாக்கட்டும். அதுக்குத்தானே வெட்டறேன்.”

கடைசிக் கிளையை அவர் விலக்கியதும் உள்பக்கத்துப் பூவெல்லாம் ரோட்டுக்குத் தெரிந்தது.

மாலை ஆராதனைக்கு ஊரே அந்த வழியாகத்தான் போக வேண்டும். தலைவி வந்தார், நின்றார், கழுத்துவரை தலையை உள்ளே விட்டார். வெளியே இழுத்தபோது கொண்டை கொம்பில் மாட்டிக்கொண்டது. என் கணவர்தான் போய்ப் பொறுமையாக எடுத்துவிட்டார். அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “நட்டு வைக்க எனக்கு ரெண்டு குச்சி ஒடிச்சுக் குடுங்க டீச்சர்” என்றார். கொடுத்தேன்.

மறுநாள் என் கணவர் அலுவலகத்துக்குப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போனார், கால் மைல் அதிகம். அவர் வேலியில் ஓட்டையைப் பார்க்க அவருக்கே சகிக்கவில்லை. ஆனாலும் ஒருநாளும் அதை மூடவில்லை. அந்த மாதம் நான் அவரோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை.