வாய் தைத்த பை

இது கட்டுக்கதை அன்று, நடந்தது. பேய் என்ற சொல்லைக் கேட்டாலே சீறுகிறவன் நான். ஆகவே கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்ப மனமில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

என் தமக்கையின் கணவர் தையற்காரர். சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுத்துவிடும் தையற்காரர் என்றால், அவரைப்பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒரு திருமண வீட்டுத் துணிகளை ஒப்படைத்துவிட்டு அந்த அத்துவான இரயில் நிலையத்துக்கு ஓடிவந்தார். நகரத்து மருத்துவமனையில் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அரிய வகை இரத்தம். வீட்டில் அத்தானுக்கு மட்டுமே அதே வகை. மாலை வண்டியை விட்டால் மறுநாள் காலைதான்.

நடைமேடையில் ஒரே ஓர் இருக்கை. அதில் ஒரு பெண். அருகில் ஒரு நீலத் துணிப்பை. மறு ஓரத்தில் அத்தான் அமர்ந்தார்.

"அண்ணே, பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. இதோ வந்துடறேன்."

"போயிட்டு வாம்மா."

அவள் ஓடினாள். தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போகிறவர்கள் அப்படி ஓடமாட்டார்கள்.

நெடுநேரமாகியும் வரவில்லை. அத்தானின் கண் பையின் தையல்மேல் போயிற்று. வாய் முழுவதும் நெருக்கமான கைத்தையல். முடிச்சைத் தேடினார். வெளியே இல்லை. தைத்த கை பைக்குள் இருந்தாலன்றி அப்படி முடிக்க இயலாது…

எழப் பார்த்தார். கால்கள் எழவில்லை.

நிலையத்தின் ஒரே ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் அறைச் சன்னலில் தெரிந்தார்.

"தம்பி! இந்தப் பையை…"

"சொல்லாதீங்க! என்கிட்ட மட்டும் பாத்துக்கச் சொல்லிடாதீங்க!"

சன்னல் 'பட்'டென்று மூடிக்கொண்டது.

5.40. வண்டி வந்தது. ஓர் இளைஞன் இறங்கினான். வண்டி ஊதிற்று.

"தம்பி… இதைக் கொஞ்சம் பாத்துக்கோப்பா. இதோ வந்துடறேன்." தாம் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று என்பார் அத்தான்.

"சரிங்க பெரியவரே, மெதுவா வாங்க."

இளைஞன் அமர்ந்தான். கால்கள் விடுபட்டன.

இரத்தம் கொடுத்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள். மறுநாள் காலையிலேயே, பேத்தியைக் கையில் வாங்காமல் அத்தான் கிளம்பினார். தமக்கை மறித்துப் பார்த்தாள்.

"வந்துடறேன்னு சொல்லிட்டேனே" என்றார்.

அன்று அவர் வீடு திரும்பவில்லை.

அடுத்த நாள் நான் தேடிப்போனேன். அதே இருக்கையில், அந்த இளைஞனுக்குப் பதிலாக அத்தான். வாயில் துண்டை அடைத்திருந்தார். பக்கத்தில் பை. என்னைக் கண்டதும், போ போ என்று கையை வீசினார். எனக்குச் சினம் தலைக்கேறிற்று. துண்டைப் பிடுங்கினேன்.

"கிட்ட வராதே மாப்ளே! வாய் தானாச் சொல்லிடும்!"

"என்ன மடத்தனம் அத்தான்! நகருங்க. நான் பாத்துக்கறேன். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிட்டு நாளைக்கு வாங்க."

அமர்ந்தேன். அவர் எழுந்துவிட்டார். காலை வண்டிக்குத் தவறாமல் வருவதாகச் சொல்லி, அழுதுகொண்டே போனார்.

பிறகுதான் சன்னல் திறந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அன்னிக்கு அவர்கிட்ட பையை விட்டுட்டு ஓடின அம்மா நேத்து வந்து, தூரத்துல நின்னே அழுதுட்டுப் போனாங்க. பை அவங்களுது இல்லையாம். யாரோ பாத்துக்கச் சொன்னாங்களாம்."

"அப்போ யாருடையது?"

"தெரியாது சார். ஆனா இதுவரைக்கும் எல்லாருமே அடுத்தவங்க கேட்டுத்தான் வாங்கியிருக்காங்க. யாரும் கேக்காம தானா ஏத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்…"

இன்று காலை வண்டி வந்தது.

அத்தான் இறங்கினார். சொன்ன சொல் தவறாதவர். கையில் எனக்குச் சாப்பாடு.

"மாப்ளே…! மாப்ளே…!"

நடைமேடை முழுவதும் தேடினார். நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

பாயிண்ட்ஸ்மேனும் வெளியே வந்தார். முதன்முறையாக, பயமில்லாமல்.

"இங்கேதானே சார் இருந்தார்… பையையும் காணோமே!"

இருவரும் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.