இழுப்பறையில் பத்தொன்பது பக்கங்கள்

கயோகோ ஷிபுதா அருமையான ஓவியர் என்று நான் சொன்னால், ஒகினோ சென்ஸேயின் ஸ்டூடியோவில் வேலை பார்த்த எவரும் முதலில் சிரிப்பார்கள். "கயோகோவா? அவங்க சுடற கத்தரிக்காய் மாதிரி வருமா!" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரைந்தவள் நான். அவள் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டோக்கியோவின் நெரிமா பகுதியில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல் இரண்டு அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான். வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம் படக்கதை அங்கிருந்து பத்திரிகைக்குப் போயாக வேண்டும். சென்ஸே, அதாவது எங்கள் ஆசான் ஒகினோ, முகங்களை வரைவார். வீடு, மரம், மழை, ரயில் நிலையம், அதில் நிற்கும் இருநூறு பேர் எல்லாம் உதவியாளர்களான எங்கள் நாலு பேர் தலையில். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் எல்லாருக்கும் சமைக்க வேண்டும், அடுத்த புது ஆள் வரும்வரை. அது அங்கே எழுதாத சட்டம்.

1986 ஏப்ரலில் நானும் கயோகோவும் ஒரே நாளில் சேர்ந்தோம். அதனால் ஆளுக்கொரு நாள் சமையல் என்று சென்ஸே பிரித்துக் கொடுத்தார். என் சமையல் வாயில் வைக்க விளங்காது என்று ஒரே வாரத்தில் தீர்ப்பாகிவிட்டது. கயோகோ தெற்கே மியாசாகிக்காரி. வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயிலில் என்ன இறங்கும் என்று தெரியும். அந்த வருஷம் ஜூலையில் சோமென் நூடுல்ஸை ஐஸ் தண்ணீரில் போட்டு, இஞ்சி துருவி, வெங்காயத்தாள் தூவி வைத்தாள். கத்தரிக்காயை முழுசாக அடுப்பு நெருப்பில் சுட்டு, தோலுரித்து, சோயா சாஸ் ஊற்றிக் கொடுத்தாள். அன்றோடு அவள் கதை முடிந்தது. அப்புறம் எத்தனையோ புது ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கரண்டி மட்டும் கைமாறவில்லை.

"ஒரு வாரம் வேற யாராவது சமைக்கட்டுமே, சென்ஸே" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"சமைக்கட்டும். ஆனா பட்டினி கிடந்து செத்தா கதையை யாரு முடிக்கிறது?" என்றார் சென்ஸே. எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், பாவி.

அவள் கணக்கு வேறு. சமையல் எவ்வளவு சுருக்கமாக முடிகிறதோ அவ்வளவு நேரம் தனக்கு மிச்சம் என்று நினைத்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு கட்டத்துக்குக் கறுப்பு மை பூசிவிடுவாள். வெள்ளரிக்காயை நறுக்கக்கூட மாட்டாள். உருட்டுக்கட்டையால் இரண்டு அடி, கையால் பிய்த்து உப்பு, எள்ளெண்ணெய், முடிந்தது. தக்காளியைப் பனிக்கட்டியில் போட்டு அப்படியே வைப்பாள். வெண்டைக்காயை ஒரு கொதி விட்டு எடுத்து வைப்பாள். 1994 கோடையில் ஊர் அரிசிக்குப் பஞ்சம். தாய்லாந்து அரிசியைக் கலந்து விற்றார்கள். எல்லாரும் உதிரி உதிரியாக இருக்கிறது என்று முகம் சுளித்தபோது, இவள் அதில் சோளத்தை உதிர்த்துப் போட்டு வடித்தாள். சட்டி காலி. சுருக்கமாகச் செய்யச் செய்ய ருசி கூடிக்கொண்டே போனது. ருசி கூடக்கூட அவளை யாரும் விடுவதாக இல்லை. இதற்கு என்ன செய்வது சொல்லுங்கள்.

சொந்தக் கதையை அவள் விடிகாலையில் வரைந்தாள். ஐந்து மணிக்கு வந்து, எட்டு மணிக்கு நாங்கள் வரும்வரை, சமையல் மேசையில். கோடை முடிந்து பொது நீச்சல்குளத்தை மூடும் நாள். குளத்துக் காவல்காரி ஒருத்தி தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. பத்தொன்பது பக்கத்தில் பேச்சு இருபது வார்த்தை இருக்கும். ஏழாம் பக்கத்து ஓரத்தில் மீன் சாறு தெறித்த கறை ஒன்று. ஒரு சாப்பாட்டுக் காட்சி கூடக் கிடையாது. படித்து முடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என்னால் அப்படி ஒரு தண்ணீரை இந்த ஜென்மத்தில் வரைய முடியாது.

அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. புதியவர்களுக்கான போட்டிகளில் முப்பதைத் தாண்டியவர்களை யாரும் சீந்துவதில்லை. மீதி இருந்த ஒரே வழி எடிட்டர் முரோய். சென்ஸேயின் பக்கங்களை வாங்கிப் போக வாராவாரம் வருவார், கயோகோ கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார். மே மாதத்தில் அவள் அந்தப் பக்கங்களை ஓர் உறையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அங்கேயே உட்கார்ந்து படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"நல்லா இருக்கு, கயோகோ-சான். நெசமாவே நல்லா இருக்கு. என் இழுப்பறையில இருக்கட்டும். யாராவது கெடுவுக்குப் பக்கம் தராம விழுந்தாங்கன்னா, அந்த இடத்துல முதல்ல போறது இதுதான்."

முகம் தெரியாத ஆட்கள் பலர் இப்படித்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பக்கம் தராமல் விழுவார், அந்த ஓட்டையை அடைக்க இழுப்பறையில் கிடந்தது போகும், வாசகர்கள் கடிதம் போடுவார்கள், ஆள் நிலைத்துவிடுவார். அன்றிலிருந்து கயோகோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்திரிகையை வாங்கிப் பொருளடக்கத்தைப் பார்ப்பாள். யாரும் விழவில்லை. ஜூன் போனது. ஜூலை போனது.

ஆகஸ்டில் ஒருவன் தள்ளாடினான். பெயர் குஸே, வயது இருபத்திரண்டு, அந்தப் பத்திரிகையே அவன் படக்கதையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் முரோய்தான் எடிட்டர். அந்த வருஷ வெயில் சாதாரண வெயில் இல்லை. பையனுக்குக் கோடை அசதி கண்டு சாப்பாடே இறங்கவில்லை. முந்தின வாரம் அச்சகத்தின் வாசலில் வைத்துக் கடைசிப் பக்கத்தை முடித்தானாம்.

"இந்த வாரம் விழுந்துடுவான்டீ" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே" என்றாள் கயோகோ. ஆனால் அன்றைக்குக் கை மறதியாகச் சாற்றில் உப்பே போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முரோய் வந்தார். அது பக்கம் வாங்கும் நாளே இல்லை. கையில் ஒரு பெட்டி பீச் பழம். நேரே சமையலறைக்குப் போய், கயோகோவுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"கயோகோ-சான், ஒரு உதவி" என்று அவர் தலை தரையில் படக் குனிந்தார். "நாளைக்கும் மறுநாளும் குஸே வீட்டுக்குப் போய்ச் சமைச்சுப் போடணும். நாலு நாளா பனிக்கட்டியைத் தவிர ஒண்ணும் வாயில வைக்கல அந்தப் புள்ள. உங்க கைச் சாப்பாடுன்னா இறங்கும். ஒகினோ சென்ஸேகிட்ட கேட்டுட்டேன்."

கயோகோ பழப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்புறம், "அவருக்கு மீன் ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

முரோய் படியிறங்கும்போது நான் பின்னாலேயே ஓடினேன். "உங்க இழுப்பறையில ஒண்ணு இருக்கே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, ஹட்சுமி-சான். குஸே விழுந்தா அதுதான் போகும். சொன்ன வாக்கை மாத்த மாட்டேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா அவரு விழக்கூடாதே. இந்த வாரம் அட்டைப்படமே அவரோடது." நல்ல மனுஷன். அவரைத் திட்டக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது.

மேலே வந்து கயோகோவின் கையைப் பிடித்துச் சமையலறை மூலைக்கு இழுத்தேன். "உனக்கு மூளை இருக்கா இல்லையா? அவன் சாப்பிடலைன்னா உன் கதை வரும்டீ!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மீன் ஒத்துக்குமான்னு கேக்கறே? போ, போய்ச் சமை. யாரு வேண்டாம்னா? ஆனா உப்பை அள்ளிப் போடு. கத்தரிக்காயைக் கருக விடு. ஒரு தடவை கெட்டுப்போனா யாரு உன்னைத் தூக்கிலயா போடப்போறாங்க?" பேச்சு நிற்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "நான் செய்யலையா? வந்த முதல் வாரம் நான் வேணும்னேதான்டீ சோமெனைக் கூழாக்கினேன். வேணும்னேதான் மீனைத் தீய விட்டேன். இல்லேன்னா இன்னிக்கு நான் பாதி நாள் இங்கே நின்னுக்கிட்டு இருப்பேன்."

எட்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது. அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுவும் தெரியும்" என்றாள். "அவ்வளவு மோசமா யாராலயும் தெரியாம சமைக்க முடியாது, ஹட்சுமி."

"பின்னே ஏன்டீ ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? நான் சமைக்கறேன்னா?"

நான் சொல்லியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை அவளோடு நானும் போனேன், பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. குஸேயின் வீட்டில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. பையன் மேசைக்கடியில் தலையை வைத்துப் படுத்துக் கிடந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவனுடைய உதவியாளர்கள் மூன்று பேரும் வெறும் பக்கங்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பதில் பதினோரு பக்கம் வெள்ளையாகவே இருந்தது. நான் அதைத்தான் எண்ணினேன். கயோகோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காய்ந்த மீனை வாட்டினாள். எள்ளை வறுத்தாள். இரண்டையும் மிசோ என்ற சோயா விழுதோடு சேர்த்து அரைத்து, அரைத்த சட்டியின் உள்பக்கம் தடவி, சட்டியைக் கவிழ்த்து நெருப்பில் லேசாகக் காட்டினாள். அப்புறம் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக் கரைத்து, வெள்ளரிக்காயை மெலிசாக அரிந்து போட்டு, வாசனைக்கு ஷிசோ இலையைக் கிள்ளிப் போட்டாள். ஆறின சோற்றின் மேல் அதை ஊற்றினாள். அந்த வாசனையில் எனக்கே நாக்கில் தண்ணீர் ஊறியது. கெட்டுப்போ, கெட்டுப்போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்ற எனக்கு.

குஸே எழுந்து உட்கார்ந்தான். ஒரு வாய் உறிஞ்சினான். அப்புறம் கிண்ணத்தை முகத்தோடு தூக்கிக்கொண்டான்.

"இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு. மெதுவா."

இரண்டாம் கிண்ணத்தின் நடுவில் அவன் நிமிர்ந்தான். "நீங்கதானே அந்தக் குளத்துக் கதை வரைஞ்சவங்க? முரோய்-சான் காட்டினாரு. தண்ணி வடியற அந்தப் பக்கம் இருக்கே, அம்மாடி. நான் விழுந்தா அதுதான் வரும்னு சொன்னாரு. அவ்வளவு நல்ல கதை வரப்போகுதுன்னா நிம்மதியா விழுந்துடலாமேன்னு ரெண்டு நாளா படுத்துக் கிடக்கேன்." சிரித்தான். வெகுளிப் பையன், ஒரு விஷமும் இல்லை. "இப்ப வயிறு நெறஞ்சதும் வரையணும்போல இருக்கு."

கயோகோ மூன்றாம் கிண்ணத்தை நிரப்பினாள். குழம்புக் கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் டக்டக்கென்று பட்டது. ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். முரோயின் குரல் இளைஞன் குரல் மாதிரி துள்ளியது. "பத்தொன்பதும் வந்துடுச்சு! ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துடுச்சு! கயோகோ-சான்கிட்ட சொல்லுங்க. இனிமே வாரத்துல ரெண்டு நாள் அவங்க அங்கே போகட்டும், எல்லாம் பேசிட்டேன். அந்தக் கை இருக்கற வரைக்கும் அவரு இனி ஒரு இதழ்கூட விழ மாட்டாரு!"

போனைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். கயோகோ பச்சை சோயாவின் காம்புகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மழுப்பத் தோன்றவில்லை.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "போன்ல இருக்காரா?"

"இருக்காரு."

"அந்தப் பக்கங்களைத் திருப்பி அனுப்பிடச் சொல்லு."

"பைத்தியமாடீ உனக்கு? இழுப்பறையில கிடந்தா உன்னை என்ன பண்ணுது? என்னிக்காவது ஒருநாள்..."

"அது அங்கே கிடந்தா, அந்தப் பையன் விழணும்னு நான் வேண்டிக்கிட்டே இருப்பேன்." முகம் கோணியது, அழுகையை அடக்க மாட்டாமல் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் வைத்துக்கொண்டாள். "புதன்கிழமையும் வேண்டிக்கிட்டுத்தான் ஊத்தினேன், ஹட்சுமி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும். அப்படி வேண்டிக்கிட்டு வாராவாரம் அவனுக்குச் சோறு போட என்னால முடியாது."

நான் போனுக்குத் திரும்பி வந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் சொன்னதை மட்டும் சொன்னேன்.

"ஓ, அப்படியா? சரி, திங்கக்கிழமை தபால்ல போட்டுடறேன்" என்றார் முரோய். ஏன் என்று அவர் கேட்கவில்லை.